பெட்ரோல் இல்லாத பைக்குக்கு எதற்கு டேங்க்?

எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஓர் எலெக்ட்ரிக் பைக் வாங்கியிருந்தார். ஸ்கூட்டர் இல்லை, பைக். லீவுக்கு வந்திருந்த என் தங்கை மகன், ஆறாம் வகுப்புப் பையன், அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதுபோல டேங்க்கை விரலால் சுண்டினான். வெறும் பிளாஸ்டிக் சத்தம்.

"மாமா, இதுலதான் பெட்ரோலே ஊத்த மாட்டாங்களே. அப்புறம் எதுக்கு டேங்க்?"

"சும்மா அழகுக்குடா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது பதிலே இல்லை என்று தோன்றியது.

எலெக்ட்ரிக் வண்டிகளின் தோற்றத்தைப் பற்றி இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒன்று: "எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் பேட்டரியையும் மாட்டினால் எலெக்ட்ரிக் வண்டி, அவ்வளவுதான்." இன்னொன்று இதற்கு நேர் எதிர்: "எஞ்சினே போய்விட்டது, இனி எந்த வடிவத்திலும் வண்டி செய்யலாம், கம்பெனிகளுக்குத்தான் தைரியம் இல்லை." இரண்டாவது கட்சிக்காரர்கள் ஆதாரமாகக் காட்டுவது கண்காட்சி மேடைகளில் சுழலும் கான்செப்ட் கார்களின், அதாவது காட்டுவதற்கென்றே செய்யும் மாதிரி வண்டிகளின், படங்களை. "இதைக் காட்டினான், அதை விற்கிறான், ஏமாற்று வேலை" என்று அந்தப் பேச்சு முடியும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டையுமே அப்படியே ஏற்க முடியாது. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் காரணம் புரியும்.

## உலக்கையும் கிரைண்டரும்

பெட்ரோல் எஞ்சின் வேலை செய்வது உலக்கையால் நெல் குத்துவதைப் போல. உலக்கை ஏறும், இறங்கும்; இறங்கி விழும் அந்தக் கணத்தில்தான் வேலை நடக்கும். எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுப்பது, அழுத்துவது, பற்றவைப்பது, புகையை வெளியே தள்ளுவது என்று நான்கு கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் மட்டுமே வண்டிக்குத் தள்ளு கிடைக்கிறது. மற்ற மூன்றும் அதற்கான ஏற்பாடு. குத்து வேகமாக விழ விழத்தான் பலம் சேரும். நிற்கும் வண்டியைக் கிளப்ப கிளட்ச், முதல் கியர், அளவான ஆக்சிலரேட்டர் என்று இத்தனை சடங்கு இருப்பது அதனால்தான்.

மின்மோட்டார் வெட் கிரைண்டர் மாதிரி. குத்து என்பதே கிடையாது, சுற்று மட்டும்தான். உள்ளே கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது சுருள் காந்தமாக மாறி, நடுவில் சுழலும் பகுதியைத் தன் பக்கம் இழுக்கும். அது நெருங்கி வரும்போது மின்சாரம் அடுத்த சுருளுக்குத் தாவிவிடும். நாய்க்குட்டிக்கு எட்டாமல் பந்தை உருட்டிக்கொண்டே போனால் அது வட்டமாகத் துரத்துமே, அந்த விளையாட்டுதான்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டார்க். தமிழில் முறுக்குவிசை. ஒன்றைத் திருகிச் சுழற்றும் பலம் என்று பொருள். லாரியின் சக்கர நட்டு கழலாமல் அடம்பிடித்தால் பஞ்சர் கடைக்காரர் ஸ்பானரில் நீளமான குழாயை மாட்டி அழுத்துவார். அந்தக் குழாய் கூட்டித் தருவது முறுக்குவிசையைத்தான். எஞ்சினுக்கு இது வேகம் ஏறிய பிறகே நன்றாக வரும். மோட்டாருக்கோ நின்ற இடத்திலேயே முழுதாகக் கையில் இருக்கும். 2019-ல் விற்பனைக்கு வந்த ஹார்லி டேவிட்சன் லைவ்வயர் கிட்டத்தட்ட 250 கிலோ எடை. அது நின்ற நிலையிலிருந்து சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தை மூன்றே நொடியில் தொட்டுவிடும். கியர் மாற்ற வேண்டியதே இல்லை. எலெக்ட்ரிக் வண்டியை முதன்முதலாக ஓட்டுபவர்கள் சிக்னலில் பச்சை விழுந்ததும் தங்களை அறியாமல் சிரிப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. பழைய சைக்கிளில் டைனமோவை டயரோடு அழுத்தினால் விளக்கு எரியும், பெடல் கனக்கும். மோட்டாரையும் வெளியிலிருந்து சுற்றினால் டைனமோதான். ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரம் மோட்டாரைச் சுற்றும். வண்டி வேகம் குறையும். கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள்.

சுருக்கமாக: மோட்டார் சின்னது, சீரானது, நின்ற இடத்திலேயே பலம் தருவது. அது வந்ததும் கிளட்ச், கியர்கள், சைலன்சர், ஏர் ஃபில்டர், டேங்க் எல்லாம் தேவையற்றுப் போகின்றன. இந்த இடத்தில்தான் "இனி எந்த வடிவமும் சாத்தியம்" என்ற கனவு பிறக்கிறது.

## ஒரு சொம்பு பெட்ரோல்

கனவைக் கலைப்பது பேட்டரி.

கணக்கை நம் வீட்டு ஈபி மீட்டரின் மொழியிலேயே போடலாம். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான் பேட்டரி அளவிலும் ஒரு யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 2019-ல் வந்த ரிவோல்ட் ஆர்வி 400 பைக்கின் பேட்டரி 3.24 யூனிட். அதாவது அந்தப் பேட்டரி முழுதும் நிரம்பியிருந்தாலும் அதிலுள்ள ஆற்றல் நானூறு மில்லி பெட்ரோலுக்குக்கூடச் சமமாகாது. ஒரு சின்னச் சொம்பில் அடங்கிவிடும் அளவு.

அப்படியானால் அந்த வண்டி தெருமுனையைத் தாண்டுவது எப்படி? பெட்ரோல் எஞ்சின் பெரிய ஊதாரி. வாங்கிய ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாகவும் சத்தமாகவும் விட்டுவிட்டு, கால் பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்பும். மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். குறைந்த சம்பளத்தில் கடனில்லாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்.

ஆனாலும் சம்பளம் குறைவு குறைவுதான். டுகாட்டி நிறுவனம் எலெக்ட்ரிக் பைக்குகளுக்கென்றே நடந்த மோட்டோஇ பந்தயத்துக்காக, 2023 முதல், ஓர் எலெக்ட்ரிக் பைக்கைச் செய்து கொடுத்தது. மொத்த எடை 225 கிலோ. அதில் பேட்டரி மட்டும் 110 கிலோ, 18 யூனிட். அதே 18 யூனிட் பெட்ரோலாக இருந்தால் இரண்டு லிட்டர், எடை ஒன்றரை கிலோ. பெட்ரோலில் ஓடும் மோட்டோஜிபி பந்தய பைக்கின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. உலகத்தின் தேர்ந்த பொறியாளர்கள் கூடி உட்கார்ந்தும் எடையில் பாதியைப் பேட்டரிக்கே கொடுக்க வேண்டியிருந்தது.

எனவே எலெக்ட்ரிக் வண்டியை வடிவமைப்பவருக்கு முன்னால் இருக்கும் முதல் கேள்வி, அழகு பற்றியதே அல்ல. இந்தக் கனமான பெட்டியை எங்கே வைப்பது?

## பாயாக விரிக்கலாம், பெட்டியாக அடுக்கலாம்

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். தலையில் இருந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் கழுத்து பதில் சொல்ல வேண்டும். ஒரு பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறார்கள். அது தாழ்ந்திருந்தால் வளைவில் வண்டி நிதானமாக இருக்கும்.

காரில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. பேட்டரியைப் பாய் மாதிரி தரை முழுக்க விரித்துவிடலாம். கனம் கீழே போய்விடும், மேலே வீட்டு ஹால் போல வெற்றிடம் கிடைக்கும். மோட்டார் அச்சோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது என்பதால் முன்னால் எஞ்சினுக்கென்று நீண்ட அறை வேண்டாம். சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளலாம்.

முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வீல்பேஸ். கார் ஷோரூமில் அதிகம் காதில் விழுந்தும் பலர் கண்டுகொள்ளாத சொல். ஹூண்டாய் கிரெட்டாவின் நீளம் 4,330 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2,610. அதே நிறுவனத்தின் எலெக்ட்ரிக் காரான ஐயோனிக் 5-இன் நீளம் 4,635, வீல்பேஸ் 3,000. உடம்பு சுமார் 30 சென்டிமீட்டர்தான் கூடியிருக்கிறது. சக்கரங்களுக்கு நடுவே கிடைத்த இடமோ 39 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. பின்சீட்டில் கால் நீட்டி உட்காருபவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

பாய்க்கும் தடிமன் உண்டு என்பது இங்கே ஒரு சங்கடம். தரை உயர்ந்தால் சீட் உயரும், சீட் உயர்ந்தால் கூரை உயரும். பார்க்கிற எலெக்ட்ரிக் கார்களில் பாதி எஸ்யூவி போல நிமிர்ந்து நிற்பதற்கு மக்கள் ரசனை ஒரு காரணம், இந்தத் தடிமன் இன்னொரு காரணம். கதவுக்குக் கீழே ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையையும், தேவைக்கு மேல் பெரிய சக்கரங்களையும் கவனித்திருப்பீர்கள். உடம்பின் பருமனைக் கண்ணுக்கு மறைக்கும் வேலையும் அவற்றுக்கு உண்டு. குண்டாக இருப்பவர்களுக்கு அடர் நிறச் சட்டை எடுத்துக் கொடுக்கும் ஜவுளிக்கடை உபாயம்தான்.

இப்போது பைக்குக்கு வருவோம். இங்கே பாய் விரிக்கத் தரையே இல்லை. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, ஓட்டுபவரின் கால்களுக்கு இடையே, ஒடுக்கமான ஓர் இடம் மட்டும் இருக்கிறது. அகலப்படுத்தினால் வளைவில் சாயும்போது தரையில் உரசும். மேலே ஏற்றினால் தலையில் குடம். பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தூக்கும். எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஒரே இடம்: நூறு வருடங்களுக்கு மேலாக எஞ்சின் உட்கார்ந்திருந்த அதே நடுப்பகுதி. பாய்க்குப் பதில் பெட்டியாக அடுக்க வேண்டியதுதான்.

எலெக்ட்ரிக் பைக் பழைய பைக் மாதிரியே இருப்பதன் பெரும்பங்குக் காரணம் இதுதான். வடிவமைப்பவருக்குக் கற்பனை வறண்டு போகவில்லை. பூமி கீழே இழுக்கிறது.

ஸ்கூட்டருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். கால் வைக்கும் பலகைக்கு அடியில் சமதளம் இருக்கிறது. ஓசூர் ஆலையிலிருந்து வரும் ஏத்தர் 450 பேட்டரியை அங்கேதான் வைத்திருக்கிறது. பிஎம்டபிள்யூவின் சிஇ 04 அதே வசதியைக் கடைசிவரை இழுத்துப் பார்த்த வண்டி. 8.9 யூனிட் பேட்டரியைத் தரையோடு தட்டையாகப் படுக்க வைத்தார்கள். அதனால் மேலே நீளமான, மிதப்பது போன்ற சீட் சாத்தியமானது. ஹெல்மெட்டைப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வைக்க முடிந்தது. 2017-ல் கான்செப்ட் லிங்க் என்ற பெயரில் அது மேடையேறியது. 2021-ல் அநேகமாக அதே உருவத்தில் உற்பத்தி மாடலாக அறிமுகமாகிவிட்டது. அதன் தம்பியான சிஇ 02 உருவாவது ஓசூரில், டிவிஎஸ் ஆலையில்.

இதுவரை: காரில் பேட்டரி பாய், பைக்கில் பெட்டி. கார் வடிவமைப்பாளருக்கு விடுதலை நிறையக் கிடைத்தது, பைக் வடிவமைப்பாளருக்குக் கொஞ்சம்தான்.

## சரி, டேங்க்?

டேங்க் என்பது பெட்ரோல் வைக்கும் பாத்திரம் மட்டுமல்ல. பைக் ஓட்டுபவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சரியும். அப்போது சரியாமல் காப்பது கை அல்ல. இரண்டு முழங்கால்களும் டேங்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிடி. வளைவில் சாயும்போது வெளிப்புறத் தொடை அதன்மேல் சாய்ந்து கொள்ளும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடித்தால் நெஞ்சை அதன்மீது தாழ்த்துவோம். பெட்ரோல் போனாலும் முழங்கால் போகவில்லையே. அங்கே ஏதோ ஒன்று அந்தப் பருமனில் இருந்தே ஆக வேண்டும்.

இருக்கிற இடத்தை வீணாக்காமல் ஆளுக்கொரு வழி கண்டிருக்கிறார்கள். சிலர் பேட்டரியின் மேல்பகுதியை அதற்குள் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவின் ஸீரோ நிறுவனத்தின் சில மாடல்களில் அது சாமான் வைக்கும் பெட்டி. லைவ்வயரிலும் பெங்களூரு அல்ட்ராவயலெட் எஃப் 77-இலும் சார்ஜ் செருகும் வாய் பழைய பெட்ரோல் மூடி இருந்த அதே இடத்தில் இருக்கிறது. பங்க்கில் நின்ற பழக்கம் கைக்கு மறக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இதில் உபயோகம் எங்கே முடிகிறது, நினைவு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது கடினம். கார்கள் புதிதாக வந்தபோது அவை குதிரை வண்டி மாதிரியே இருந்தன. 1899-ல் அமெரிக்கர் ஒருவர் ஒருபடி மேலே போய், தெருவில் போகும் குதிரைகள் மிரளாமல் இருக்க காரின் முன்னால் மரக் குதிரைத் தலையைப் பொருத்தலாம் என்று யோசனை சொன்னார். சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ்-இன் முகத்தில் ஒரு கறுப்பு மூக்கு இருந்தது. காற்றை உள்ளிழுக்கும் கிரில் போன்ற பாவனை. அதற்குப் பின்னால் எஞ்சின் இல்லை. நான்கு வருடம் கழித்து, கண்கள் பழகிய பிறகு, 2016-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் பிஎம்டபிள்யூ 2019-ல் காட்டிய விஷன் டிசி ரோட்ஸ்டர் என்ற கான்செப்ட் பைக். 1923-இலிருந்து அந்த நிறுவனத்து பைக்குகளின் அடையாளம், இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள். எலெக்ட்ரிக் பைக்கில் சிலிண்டர் ஏது? ஆனால் பேட்டரி சூடாகும், குளிரவைக்க வேண்டும். எனவே குளிர்விக்கும் பகுதிகளைப் பேட்டரியின் இருபுறமும் நீட்டி வைத்தார்கள். வண்டியைக் கிளப்பினால் அவை இன்னும் கொஞ்சம் வெளியே வரும். பழைய உருவமும் நின்றது, அதற்கு உண்மையான வேலையும் கிடைத்தது. வெறும் பாவனைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

சென்னையின் ராயல் என்ஃபீல்டும் இதே பாதையில் போயிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டில் கட்டி இறக்கப்பட்ட 125 சிசி பைக்கின் பெயரான ஃப்ளையிங் ஃப்ளீயைத் தன் எலெக்ட்ரிக் வரிசைக்கு வைத்து, 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் சி6 என்ற பைக்கைக் காட்டியது. அதன் பேட்டரி உறை மெக்னீசியத்தால் ஆனது. மேலே வரிவரியாக இதழ்கள். பழைய புல்லட் எஞ்சினில் பார்ப்போமே, அந்த மாதிரி. சூடான சாதத்தைத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும் அல்லவா? பரப்பு கூடினால் வெப்பம் வேகமாக வெளியேறும். அங்கே அந்த இதழ்கள் அலங்காரமும்தான், வேலையும்தான்.

சத்தத்தை என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ரிவோல்ட், சைலன்சர் சத்தங்களை ஸ்பீக்கரில் ஒலிக்க வசதி கொடுத்தது. எனக்கு அது கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பதில் கேசட் போடுவது போலத்தான் படுகிறது. லைவ்வயர் வேறுவிதமாக யோசித்தது: வண்டி சிக்னலில் நிற்கும்போது மோட்டார் மெல்லத் துடிக்கும், இதயம் மாதிரி. உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஓட்டுபவரின் உடம்புக்கு மட்டும் சொல்லும் துடிப்பு. கார்களுக்கோ இது சட்டமாகவே ஆகிவிட்டது. மெதுவாகப் போகும் எலெக்ட்ரிக் கார் பாதசாரிகளுக்குக் கேட்கும்படி ஒலி எழுப்ப வேண்டும் என்ற விதி 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அமலுக்கு வந்தது.

கவர்ச்சி என்பது வேகத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு மோட்டோஇ பந்தயமே சாட்சி. டுகாட்டியின் அந்த பைக்குகள் வேகத்தில் குறைவில்லை. ஆனாலும் ரசிகர் கூட்டம் எதிர்பார்த்தபடி சேரவில்லை என்று 2025 பருவத்தோடு போட்டியை நிறுத்தி வைத்தார்கள்.

## கான்செப்ட் கார்: நாளைய மாடல் அல்ல

இப்போது அந்த "ஏமாற்று வேலை" பேச்சு. இங்கே மூன்று சொற்கள் குழம்பிக் கிடக்கின்றன. கல்யாணச் சாப்பாட்டை வைத்துப் பிரிக்கலாம். சமையல்காரர் முன்கூட்டியே கொண்டுவந்து காட்டும் சாம்பிள் தட்டு, கான்செப்ட். அடுப்படியில் உப்பு காரம் பார்த்து, கருகியதைக் கொட்டி, திரும்பச் செய்து பார்ப்பது, புரோட்டோடைப். பந்தியில் இலையில் விழுவது, உற்பத்தி மாடல். சாம்பிள் தட்டில் முந்திரி தூக்கலாக இருப்பது யாருக்குத்தான் தெரியாது?

கான்செப்ட் கார் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் செய்யப்படும், கையால். மேடைக்கு ஏறி இறங்கும் அளவுக்கு ஓடினால் போதும், ஓடாதவையும் உண்டு. புரோட்டோடைப் அப்படியல்ல. அது பாவப்பட்ட ஜென்மம். ஒரகடம், ஈசிஆர் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஒட்டிய பெயரில்லாத கார்களைப் பார்த்திருப்பார்கள். வெயிலிலும் குழியிலும் அடிபட்டுக் குறை கண்டுபிடிக்கப் பிறந்தவை அவை. அழகைக் காட்டுவது அவற்றின் வேலையல்ல, மறைப்பதுதான்.

கான்செப்ட் காரின் கதை 1938-ல் தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், ப்யூக் ஒய்-ஜாப் என்ற காரைச் செய்யவைத்தார். மூடித் திறக்கும் முகப்பு விளக்குகள், மின்சாரத்தில் இறங்கும் கண்ணாடிகள். விற்பதற்காக அல்ல. மக்கள் எதைப் பார்த்து நிற்கிறார்கள், எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று அறிவதற்காக. ஏர்ல் அதைத் தன் சொந்த வண்டியாகவே பல வருடம் ஓட்டினார். மனிதர் கெட்டிக்காரர், கேள்வியைத் தெருவுக்கே கொண்டுபோய்விட்டார்.

கான்செப்ட்டை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது நிறுவனம் கொடுக்கும் வாக்கு அல்ல, நம்மிடம் போடும் கேள்வி. "இந்த முகம் பிடிக்கிறதா? இப்படி உட்கார்ந்து போகத் தயாரா?" சில நேரம் கேள்வி தங்கள் பொறியாளர்களுக்கே. மெர்சிடிஸ் 2022-ல் காட்டிய விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ் அந்த வகை. ஓடும் பேருந்தின் ஜன்னலில் கையை நீட்டினால் காற்று பின்னால் தள்ளுமே, அதுதான் காற்றிழுவை. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். அந்தக் காரைக் காற்றுக்கு வழுக்கும்படி பின்பக்கம் நீண்டு ஒடுங்கச் செய்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பிரான்ஸின் காசி வரை, ஒரே சார்ஜில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. (நம் காசி இல்லை, மார்செய் பக்கத்துக் கடற்கரை ஊர்.) பேட்டரியைப் பெரிதாக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு அது பதில்.

## மேடையிலிருந்து சாலைக்கு

ஹூண்டாய் 2019-ல் ஃபிராங்ஃபர்ட்டில் "45" என்ற கான்செப்ட்டைக் காட்டியது. 1974-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜூஜாரோ அந்த நிறுவனத்துக்காக வரைந்த போனி கூபே கான்செப்ட்டுக்கு 45 வருடம் கழித்து வைத்த வணக்கம் அது. கூரான மடிப்புகள், கட்டம் கட்டமான விளக்குகள். இரண்டே வருடத்தில் அது ஐயோனிக் 5 ஆனது. அந்த மடிப்பும் விளக்கும் போகவில்லை. அந்தக் கார் இந்தியாவுக்கு வந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையில்தான் பூட்டப்பட்டது.

மகிந்திராவின் பிஇ.05 2022 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தில் கான்செப்ட்டாக மேடையேறியது. பார்த்தவர்களில் பலர் "இது வராது" என்றார்கள், நானும்தான். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் பிஇ 6இ என்று அதே முகத்தோடு வந்து நின்றது; பெயர் பிறகு பிஇ 6 ஆனது. என் கணிப்பு பொய்த்ததில் வருத்தமில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ஹோண்டா 2017-ல் காட்டிய அர்பன் இவி என்ற குட்டிக் காரைப் பார்த்து உலகமே உருகியது. வட்டக் கண்கள், இரண்டு கதவு. 2020-ல் நான்கு கதவோடு ஹோண்டா ஈ என்று விற்பனைக்கு வந்தது, அப்போதும் அழகுதான். ஆனால் 35.5 யூனிட் பேட்டரி, 220 கிலோமீட்டர் தூரம், அதற்கு ஏற்ற விலையுமில்லை. 2024 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுவிட்டது. பார்த்து ரசித்தவர்களும் வாங்க வந்தவர்களும் வேறுவேறு ஆட்களாக இருந்துவிட்டார்கள்.

மேடையிலிருந்து சாலைக்கு வரும் வழியில் எவை உதிர்கின்றன என்று பார்த்தால் பட்டியல் சுவாரசியமானது. நடுத்தூண் இல்லாமல் எதிரெதிராகத் திறக்கும் கதவுகள் முதலில் போகும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி இடித்தால் உயிரைக் காப்பது அந்தத் தூண். பக்கக் கண்ணாடிக்குப் பதில் வைத்த ஒல்லிக் கேமராக்களைப் பல நாட்டு விதிகள் ஏற்பதில்லை. தாம்பாளம் போன்ற சக்கரங்கள் நம் ஊர்ப் பள்ளத்தில் ஒரு மாதம் தாங்காது. இவற்றை எடுக்கும்போது கனவு கொஞ்சம் சப்பையாகும். அதைத்தான் நாம் தைரியக் குறைவு என்று எண்ணிவிடுகிறோம்.

தைரியம் எங்கே இல்லை என்று என்னைக் கேட்டால் வேறிடம் காட்டுவேன். ஜாகுவார் 2024 டிசம்பரில் டைப் 00 என்ற எலெக்ட்ரிக் கான்செப்ட்டைக் காட்டியது. அதற்கு அநியாய நீளத்தில் ஒரு பானெட். உள்ளே எஞ்சின் இல்லை. நீண்ட மூக்கு என்றால் பெரிய எஞ்சின், பெரிய எஞ்சின் என்றால் பணக்காரர் என்று நூறு வருடமாகக் கண்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அந்தக் கார் விடவில்லை. முழங்கால் பிடிக்க உதவும் போலி டேங்க்கை என்னால் மன்னிக்க முடிகிறது. இதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஆனால் பார்த்தவுடன் கண் அதன்மேல் நின்றதை மறைக்கவும் முடியாது.

போன வாரம் தங்கை மகனுக்கு போனில் முழங்கால் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அடுத்த நாள் அவன் அம்மாவின் வாட்ஸாப்பிலிருந்து எனக்கு ஒரு கான்செப்ட் கார் படம் வந்தது. தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வு, முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே கண்ணாடி. "சூப்பர். ஆனா வைப்பர் எங்கடா?" என்று கேட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பெரிதாக்கிப் பார்த்திருப்பான் போல.

"மழை வந்தா மேடையை விட்டு இறங்காது மாமா."